ரகசியம் என்று எழுதிய உறை

என் ராத்தாவுக்கு நாள் தள்ளிப்போனது தெரிந்தபோது மச்சான் சபுருக்குக் கிளம்பிப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. மடியில் ஏழு மாதப் பிள்ளை. பால் கொடுக்கிற காலத்தில் தரிக்காது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தாள். "இன்னொன்றுக்கு என் உடம்பில் தெம்பில்லை" என்று என்னிடம் சொன்னாள். போனில் மச்சானிடமும் அதையே சொன்னாள். அவர் மறுக்கவில்லை. வீட்டில் வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்பது மட்டும்தான் இரண்டு பேருடைய கவலையும்.

ராமநாதபுரத்தில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஆறு வாரம்தான், மாத்திரையே போதும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு மருந்துக் கடைகளில் இல்லை என்றார்கள். மூன்றாவது கடையில் சீட்டை வாங்கிப் படித்தவர் தலை நிமிர்ந்து, கடையில் நின்ற ஏழெட்டுப் பேர் காதிலும் விழுகிற மாதிரி, "இது கலைக்கிற மாத்திரையாச்சே, யாருக்கு? வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டார். பிறகு சீட்டைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "சரக்கு இல்லை" என்று திருப்பிக் கொடுத்தார். நாங்கள் பெரியபட்டினம் வந்து இறங்குவதற்குள் விஷயம் மாமி காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அந்த டாக்டரம்மாவுக்கும் யாரோ போன் செய்து, "நீங்கள்தான் இந்த வேலையெல்லாம் செய்கிறீர்களா" என்று கேட்டிருக்கிறார்கள். நான் திரும்பப் போனபோது அவர் கோபப்படவில்லை. "இனிமேல் நான் யாருக்கும் இதை எழுதப்போவதில்லை, தப்பாக நினைக்காதீங்க" என்றார்.

ராத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வருடத்தைப் போடாதே என்றாள். இன்னும் சில அடையாளங்களையும் மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு சீட்டிலிருந்து வெளியே போனவை இரண்டு பெயர்கள். ஒன்று மாத்திரை கேட்ட பெண்ணின் பெயர், இன்னொன்று எழுதிய மருத்துவரின் பெயர். முதல் பெயரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவது பெயரும் காப்பாற்றப்பட வேண்டியதுதான் என்று எனக்கு அந்த டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு சட்டப் புத்தகங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பெரியபட்டினத்துக்கு வரலாறு உண்டு. கப்பல் வந்து போன பழைய துறைமுகம், மண்ணைக் கிளறினால் சீனப் பீங்கான் சில்லு கிடைக்கும் என்று ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எந்தக் கப்பலில் என்ன சரக்கு வந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. இந்த ஊரின் மருத்துவச்சிகள் எத்தனை பெண்களின் ரகசியத்தைத் தங்களோடு கொண்டுபோனார்கள் என்பதற்கு ஒரு சில்லும் கிடையாது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்கள் தொழிலே அதுதான். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. எருக்கங்குச்சியில் செத்துப்போன பெண்களைப் பற்றியும் நம் பாட்டிமார் மெல்லிய குரலில் சொல்லித்தானே கேட்டிருக்கிறோம்.

1860இல் வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த மெல்லிய குரலை வழக்காக மாற்றியது. அதன் 312ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் ஒழிய, கருவைக் கலைக்கிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவாள் என்று ஒரு விளக்கத்தையும் கீழே சேர்த்தது. இங்கிலாந்திலிருந்து வந்த எண்ணம் இது. சட்டத்தின் எண்தான் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே குற்றம் 88ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

1886இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டதாக ஒரு பெண் மீது குற்றச்சாட்டு. கீழ் நீதிமன்றம் அவளை விடுதலை செய்தது. கரு தரித்து ஒரே மாதம்தான் ஆகிறது, சிசு என்று சொல்லும்படி எதுவும் உருவாகவில்லை என்பது அதன் காரணம். உயர்நீதிமன்றம் அந்த விடுதலை தவறு என்றது. தரித்த உடனேயே அவள் கர்ப்பிணிதான், எனவே 312 பொருந்தும் என்று முடிவு சொன்னது. இன்றும் குற்றவியல் சட்டப் புத்தகங்களில் 312க்குக் கீழே இந்த வழக்கு அவள் பெயராலேயே இருக்கிறது. 140 வருடமாகச் சட்ட மாணவர்கள் அந்தப் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். அவள் எந்த ஊர், எதற்காகக் கலைத்தாள், யார் போய்ச் சொல்லிக் கொடுத்தது என்பதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நான் அதை இங்கே எழுதப்போவதில்லை.

சுதந்திர இந்தியா இதைத் திருத்த எடுத்துக்கொண்டது கால் நூற்றாண்டு. 1964இல் மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைந்து, 1966 கடைசியில் அறிக்கை கொடுத்தது. ஒளித்து மறைத்துச் செய்துகொண்டு செத்துப்போகிற பெண்களைப் பற்றி அந்தக் குழு உண்மையாகவே கவலைப்பட்டது. ஆனால் டில்லியில் காற்று வேறு பக்கம் அடித்தது. அறுபதுகளின் கடைசியில் சுகாதாரத் துறையைக் கவனித்தவர் எஸ். சந்திரசேகர். மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றியே எழுதியும் பேசியும் வந்த அறிஞர். நாட்டில் தலைகள் அதிகமாகிவிட்டன என்ற பயம்தான் மசோதாவை நகர்த்தியது. 1971 ஆகஸ்ட் 10இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை முதல் தடவை முழுசாகப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பெண்ணுக்கு உரிமை இருக்கிறது என்று அதில் எங்கேயும் இல்லை. பதிவுபெற்ற மருத்துவர், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, நல்லெண்ணத்தோடு செய்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றுதான் இருக்கிறது. அதாவது 312இலிருந்து மருத்துவருக்கு ஒரு கதவு திறந்துவிட்டார்கள், பெண் அவர் பின்னால் ஒட்டிக்கொண்டு வெளியே வரலாம். எட்டாவது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்காக மருத்துவர் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. இந்தச் சட்டத்தின் மொத்த உயிரும் மருத்துவரின் தைரியத்தில் இருக்கிறது. மருத்துவர் பயந்துவிட்டால் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சட்டத்தை எழுதியவர்களை மெச்சத்தான் வேண்டும். அவர்களுக்கு ஊர் வாய் தெரிந்திருக்கிறது. சட்டத்தின் கீழ் 1975இல் ஒன்றிய அரசு கொண்டுவந்து, 2003இல் புதுப்பித்த ஒழுங்குமுறைகளைப் படித்துப் பாருங்கள். யாரோ ஒரு பழுத்த தலைமைச் செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து எழுதியது மாதிரி இருக்கும். பெண்ணின் சம்மதப் படிவத்தையும் மருத்துவரின் கருத்துப் படிவத்தையும் ஓர் உறைக்குள் போட்டு ஒட்ட வேண்டும். உறையின் மேல் பதிவேட்டு எண்ணைப் போட்டு, ரகசியம் என்று எழுத வேண்டும். அனுமதிப் பதிவேடு ஒரு ரகசிய ஆவணம். ஒவ்வொரு வருடமும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். 1972ஆம் வருடத்து ஐந்தாவது பெண் 5/1972, அடுத்த வருடத்து ஐந்தாவது பெண் 5/1973. கேஸ் ஷீட், அறுவை அரங்கப் பதிவேடு, மறுவருகைச் சீட்டு என்று வேறு எந்தத் தாளிலும் அவள் பெயர் வரக்கூடாது, இந்த எண் மட்டும்தான் வர வேண்டும். பதிவேடு மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பில், அந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விடுப்புச் சான்று கொடுத்தால், அதைப் பார்க்கிற முதலாளியும் வெளியே சொல்லக்கூடாது என்றுகூட யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

இத்தனையையும் மீறினால் என்ன தண்டனை? 1971 சட்டத்தின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

இந்த ஏற்பாடு முழுவதும் மருத்துவமனைக்குள் நடக்கும் காரியத்தை மனதில் வைத்துச் செய்தது. கட்டில், அறுவை அரங்கு, பதிவேடு, பீரோ, சாவி. பெண் உள்ளே வருவாள், எண்ணாக மாறுவாள், வெளியே போவாள். மாத்திரை வரும் என்று 1971இல் யாரும் நினைத்திருக்க முடியாது.

மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்து ஆர்யு 486 என்ற பெயரில் 1988இல் பிரான்சில் அனுமதி பெற்றது. இந்தியாவில் 2002இல். அடுத்த வருடம் வந்த விதிகள், ஏழு வாரம் வரை மருத்துவர் தன் கிளினிக்கிலேயே இந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கலாம், தேவைப்பட்டால் அனுப்புவதற்கு அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒன்றோடு தொடர்பு இருந்தால் போதும் என்றன. 2008 டிசம்பரில் ஒரு மிஃபெப்ரிஸ்டோனும் நான்கு மிசோப்ரோஸ்டாலும் ஒரே அட்டையில் விற்க அனுமதி கிடைத்தது, 63 நாள் வரையிலான கருவுக்கு. விதிகள் ஒன்பது வாரத்துக்கு வந்து சேர 2021 ஆனது. பிள்ளையை யாரிடமும் விட்டுவிட்டு மருத்துவமனையில் படுக்க முடியாத பெண்களுக்கு, பாசி எடுக்கவும் மீன் விற்கவும் ஒரு நாள் போகாவிட்டால் அடுப்பு எரியாத நம் கடற்கரைப் பெண்களுக்கு, இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரை மருத்துவமனையை விட்டு வெளியே வந்ததும் ரகசிய உறையையும் விட்டு வெளியே வந்துவிட்டது. மருந்துக் கடை வேறொரு சட்டத்தின் ராஜ்யம். 1945ஆம் ஆண்டு மருந்துகள் விதிகளின்படி, சீட்டின் பேரில் விற்கும் மருந்துக்குக் கடைக்காரர் பதிவேட்டிலோ ரசீதுப் புத்தகத்திலோ குறிப்பு வைக்க வேண்டும். அதில் எழுதிய மருத்துவரின் பெயரும் முகவரியும் வரும், வாங்குகிற நோயாளியின் பெயரும் முகவரியும் வரும். இருமல் மருந்துக்கும் தூக்க மாத்திரைக்கும் இது நியாயமான விதிதான். மருத்துவமனையில் 5/1972 என்று பெயரை மறைத்துக் காப்பாற்றிய அதே நாட்டில், அதே காரியத்துக்கான மாத்திரையைக் கடையில் வாங்கினால் இரண்டு பேருடைய பெயரும் விலாசமும் கல்லாப் பக்கத்து நோட்டில் கிடக்கும். உறையை எழுதியவர்களும் நோட்டை எழுதியவர்களும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

தமிழ்நாட்டில் இந்த நோட்டுக்குத் தனிப் பயம் சேர்ந்தது. பெண் சிசுக்கொலைக்காகத் தலைகுனிந்த மாநிலம் இது. அதைத் தடுக்கிறோம் என்று கிளம்பியவர்களின் கண் இந்த மாத்திரை மீதும் விழுந்தது. ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று பார்க்க முடியாது. இதை மருந்து ஆய்வாளர்களும் அறிவார்கள். இருந்தாலும் கடைகளில் சோதனை, யாருக்கு விற்றாய், எந்த டாக்டர் எழுதியது என்ற கேள்விகள். கடைக்காரர்களுக்கு அலுத்துவிட்டது, வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். 2020இல் வெளியான ஆறு மாநில ஆய்வு ஒன்றில் தமிழகத்தில் இந்த மாத்திரை இருந்த கடைகள் நூற்றுக்கு இரண்டுதான். அசாமில் எழுபதுக்கு அருகில். சீட்டே தேவையில்லாத அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் நம் ஊர்க் கடைகளில் இதே கதிதான் பல வருடமாக. எந்த அரசாணையும் போடாமலே தடை செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டாக்டரம்மாவின் பயத்துக்கு வருகிறேன். 2002இல் செய்த திருத்தத்தின்படி, தகுதியில்லாதவர் செய்தாலும் அங்கீகாரமில்லாத இடத்தில் செய்தாலும் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை கடுங்காவல். போலி மருத்துவர்களைப் பிடிக்க வந்த பிரிவு. ஆனால் ஒரு சீட்டு காவல் நிலையம் போய்விட்டால், தன் அங்கீகாரம், தன் தொடர்பு மருத்துவமனை, தன் நல்லெண்ணம் எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டியவர் சரியான மருத்துவர்தான். எட்டாவது பிரிவு நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றும். அதற்கு முந்தைய போன் அழைப்பிலிருந்தும், கிளினிக் வாசலில் வந்து நிற்கிற புருஷன் வீட்டாரிடமிருந்தும் காப்பாற்றாது.

2012இல் போக்சோ சட்டம் வந்து இதை இன்னும் இறுக்கியது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 19ஆம் பிரிவின்படி தெரிந்தவர் எல்லோரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. பிள்ளைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சட்டத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் பதினேழு வயதில் காதலித்தவனோடு இருந்துவிட்டு நாள் தள்ளிப்போய் வருகிறவள் மருத்துவர் முன் உட்காரும்போது, அந்த மருத்துவர் ஒரே நேரத்தில் ரகசியம் காக்கவும் காட்டிக்கொடுக்கவும் கடமைப்பட்டவர் ஆகிவிட்டார். பெரும்பாலானவர்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். "இங்கே பார்ப்பதில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க." அந்தப் பெண் பெரியாஸ்பத்திரிக்கா போவாள்?

சட்டம் மெல்ல நகர்ந்துதான் வந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவும் அதற்குள் வரும் என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2021 திருத்தம் 5ஏ என்று ஒரு புதிய பிரிவைச் சேர்த்தது. பெண்ணின் பெயரையும் விவரங்களையும் மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாயிலிருந்து சிறைக்கு உயர்ந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரு விலக்கு உண்டு: சட்டம் அதிகாரம் கொடுத்தவரிடம் சொல்லலாம். அந்த நபர் யார் என்று எழுதவில்லை. காக்கிச் சட்டையோடு வந்து கேட்கிறவரிடம், "எந்தச் சட்டம் உங்களுக்கு அதிகாரம் கொடுத்தது" என்று திருப்பிக் கேட்கும் மருத்துவரை நான் இன்னும் பார்க்கவில்லை. போனில் படம் எடுக்கிற கடைக்காரரோ 5ஏ பிரிவுக்குள் வரவே மாட்டார், அது மருத்துவரை மட்டும்தான் கட்டுப்படுத்துகிறது.

2022 செப்டம்பர் 29இல் நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா, பர்திவாலா அடங்கிய அமர்வு சொன்னதுதான் எனக்குத் தெரிந்து மருத்துவருக்குக் கிடைத்த முதல் உண்மையான கேடயம். கணவன் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் கேட்கக்கூடாது என்றது தீர்ப்பு. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பெண் கேட்டுக்கொண்டால், போக்சோவின்படி தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை, பின்னால் நடக்கும் குற்ற வழக்கிலும் சொல்ல வேண்டியதில்லை என்றது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் சிறப்பு அமர்வும் இதையே பின்பற்றி, இருவரும் விரும்பி இருந்த வழக்குகளில் பெயரைக் கேட்டு வற்புறுத்தக்கூடாது என்றது. மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு முள் இருக்கிறது. பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் என்கிறது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அப்படிக் கேட்கலாம் என்று அவளுக்கு யார் சொல்வது? பல வீடுகளில் அவள் பயப்படுவதே அந்தப் பாதுகாவலருக்குத்தானே.

இதே காலத்தில் அமெரிக்காவில் கதை தலைகீழானது. 1973 முதல் இருந்த உரிமையை 2022 ஜூன் 24இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பறித்தது. அனுமதிக்கும் மாநிலங்கள் தங்கள் மருத்துவர்களைக் காக்கக் கேடயச் சட்டங்கள் போட்டன. 2025 ஜனவரியில் நியூயார்க்கில் இருந்த ஒரு மருத்துவர் மீது, தடை உள்ள லூசியானா மாநிலத்துக்கு மாத்திரை அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்டது. மாத்திரைப் புட்டியின் சீட்டில் இருந்த அவர் பெயர்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது. சில நாட்களில், பிப்ரவரி 3இல், நியூயார்க் ஒரு சட்டம் இயற்றியது. மருத்துவர் விரும்பினால் சீட்டில் தன் பெயருக்குப் பதில் மருத்துவமனையின் பெயரைப் போடச் சொல்லலாம்.

இதைப் படித்த இரவு எனக்கு ராமநாதபுரம் டாக்டரம்மாவின் முகம்தான் வந்தது. நமக்கும் இப்படி ஒன்று வேண்டுமா என்று நிறைய யோசித்தேன். பெயரே இல்லாத சீட்டு போலிகளுக்கு வசதி, இரத்தம் நிற்காமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று பெண்ணுக்குத் தெரிய வேண்டும். அதனால் அவளிடம் மருத்துவரின் பெயரும் போன் எண்ணும் இருக்கட்டும். கடை நோட்டில் மட்டும் மருத்துவருக்கு அவருடைய பதிவு எண், பெண்ணுக்கு ஒரு வரிசை எண் போதாதா? தேவைப்பட்டால் மருத்துவ கவுன்சில் அந்த எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். கடையில் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரரால் முடியாது. 5/1972 என்று எழுதத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது ஒன்றும் புதிய வித்தை இல்லை.

ராத்தாவின் விஷயம் மதுரையில் முடிந்தது. அலைந்ததில் பத்து வாரம் ஆகிவிட்டது. மாத்திரைக்குக் காலம் தாண்டிவிட்டதால் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. வரவேற்பில் இருந்தவர் கணவர் கையெழுத்துக் கேட்டார். பதினெட்டு வயதான பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று 1971 சட்டத்திலேயே இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. சபுரில் இருக்கிறார் என்று கெஞ்சி, வீடியோ காலில் மச்சானைப் பேச வைத்தோம். மதியம் ஒரு வயதான நர்ஸம்மா வந்து ராத்தாவிடம் படிவத்தில் கையெழுத்து வாங்கினார். அதை மடித்து ஒரு பழுப்பு உறைக்குள் வைத்து, நாக்கில் தொட்டு ஒட்டினார். மேலே ஏதோ எண் போட்டு, ஒரு வார்த்தை எழுதினார். எட்டிப் பார்த்தேன். ரகசியம் என்று இருந்தது.

வெளியே வரும்போது கொடுத்த சீட்டிலும் பெயர் இல்லை, எண் மட்டும்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ராத்தா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என் பேரு எங்கேயும் இல்லதானே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்தக் கடைக்காரரின் செல்போனைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.